மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கு டீச்சிங் போர்ட்ஃபோலியோ: எங்கே தொடங்குவது, எதை வைப்பது, எதை விடுவது

மருத்துவக் கல்லூரியில் ஏழு ஆண்டுகளாகப் பாடம் எடுக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. பதவி உயர்வு விண்ணப்பத்தோடு டீச்சிங் போர்ட்ஃபோலியோ ஒன்றையும், அதாவது தன் கற்பித்தலைச் சான்றோடு காட்டும் கோப்பையும், சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் கையில் இருப்பவை சிவி, பயிலரங்கச் சான்றிதழ்கள் ஒரு கட்டு, மாணவர்களின் ஃபீட்பேக் தாள்கள் சில. “இவற்றை வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதுமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது? நான்கு மாதம்தான் இருக்கிறது.”

வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதாது. ஆனால் நான்கு மாதம் போதும்.

படிக்கிறவரின் இடத்திலிருந்து முதலில் சொல்கிறேன். பதவி உயர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கோப்புகளைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். சான்றிதழ் கட்டைப் புரட்டும்போது ஒருவர் எந்தெந்தப் பயிற்சிக்குப் போனார் என்பது தெரியும். அவருடைய வகுப்பில் என்ன நடக்கிறது, வார்டில் அவரோடு நிற்கும் மாணவர் என்ன கற்றுக்கொண்டு போகிறார் என்பது தெரியாது. நன்றாகப் பாடம் எடுப்பவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் கோப்பைப் படித்து, அந்த நன்மையை அதில் எங்கேயும் காண முடியாமல் தவித்திருக்கிறேன். அவருக்குத் திறமை குறைவில்லை. கோப்பு அவருக்காகப் பேசவில்லை, அவ்வளவுதான். அது நடக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சிவி சொல்லிவிடும். அதை ஏன் அப்படிச் செய்தீர்கள், அதனால் மாணவர்களுக்கு என்ன ஆயிற்று, அதைப் பார்த்த பிறகு எதை மாற்றினீர்கள் என்பவற்றைச் சொல்ல வேண்டியது போர்ட்ஃபோலியோ. இதற்கு நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும், வைக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் அது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது வேண்டும். “மாணவர்களைச் சிந்திக்க வைக்கிறேன்” என்று எழுதிவிட்டுச் சான்று காட்டாவிட்டால் அது வெறும் விருப்பம். விளக்கமே இல்லாமல் நாற்பது தாள்களைப் பின்னிணைப்பில் வைத்தால் அவை வெறும் காகிதம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. குழுவில் இருப்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோல் அங்கிருந்துதான் வருகிறது. ஆராய்ச்சிக்குக் கட்டுரைகளை எண்ணிவிடலாம், கற்பித்தலை எதை வைத்து அளப்பது என்ற சிக்கல் பல்கலைக்கழகங்களில் நெடுநாளாக இருந்தது. 1990இல் அமெரிக்காவில் கற்பித்தல் மேம்பாட்டுக்கான கார்னகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பாயர், புலமை என்பது புதிதாகக் கண்டறிவது மட்டுமே ஆகாது, ஒருங்கிணைப்பதும் பயன்படுத்துவதும் கற்பிப்பதும்கூடப் புலமைதான் என்று வாதாடினார். 1997இல் சார்லஸ் கிளாசிக்கும் அவருடைய சகாக்களும் அதை எப்படி மதிப்பிடுவது என்று ஆறு அளவுகோல்களைத் தந்தார்கள்: தெளிவான இலக்கு, போதிய ஆயத்தம், பொருத்தமான முறை, சொல்லத்தக்க விளைவு, அதைப் பிறருக்கு நன்றாக எடுத்துரைத்தல், தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தல்.

மருத்துவக் கல்விக்கென்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2006இல் ஒரு கருத்தொருமிப்பு மாநாட்டைக் கூட்டியது. மருத்துவக் கல்வியாளரின் வேலையை அது ஐந்தாகப் பிரித்தது: நேரடியாகக் கற்பித்தல், பாடத்திட்டம் வகுத்தல், மாணவருக்கு வழிகாட்டுதல், கல்விப் பணிகளுக்குத் தலைமை ஏற்றல், மாணவரை மதிப்பிடுதல். ஒவ்வொன்றிலும் எவ்வளவு செய்தீர்கள், எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள், பிற கல்வியாளர்களின் வேலையிலிருந்து எதை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எதைத் திருப்பித் தந்தீர்கள் என்ற மூன்றையும் காட்டச் சொன்னது. உலகின் பல மருத்துவக் கல்லூரிகளின் படிவங்களில் இந்த ஐந்தும் மூன்றும் ஏதாவது ஓர் உருவில் இருக்கும். உங்கள் கல்லூரிப் படிவத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். தலைப்பு, பக்க வரம்பு, எந்த ஆண்டிலிருந்து கணக்கு என்பவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டிருப்பதற்கே முதலிடம். நான் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐந்திலும் இடம் நிரப்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏழு ஆண்டு அனுபவத்தில் உங்களுக்கு ஆழம் இருப்பது இரண்டில், மிஞ்சினால் மூன்றில் இருக்கும். அந்த இரண்டை நன்றாகக் காட்டுங்கள். மற்றவற்றுக்குச் சில வரிகள் போதும்.

இனி வேலை. முதல் மாதம் முழுக்கச் சேகரிப்புக்கு. கணினியில் ஒரு ஃபோல்டர் திறந்து அதைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் அதில் போடுங்கள். வகுப்பு அட்டவணை, நீங்கள் எழுதிய கேள்வித்தாள், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் இருந்த ஸ்லைடுகள், வார்டில் பயன்படுத்திய செக்லிஸ்ட், பழைய மாணவர் அனுப்பிய கடிதம், சரியாக நடக்காத வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த நாலு வரி, எதுவானாலும். ஒவ்வொன்றுக்கும் பெயரின் தொடக்கத்தில் தேதி போடுங்கள். எதையும் இப்போது தரம் பிரிக்க வேண்டாம். பெட்டி வேறு, கோப்பு வேறு. பெட்டி உங்களுக்கானது, அது எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம். கோப்பு குழுவுக்கானது, பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்த சிறு பகுதி அது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் இருநூறு பக்கக் கோப்புகள் வருகின்றன.

சேகரிக்கும்போது ஒன்று கண்ணுக்குத் தெரியும். விரிவுரைக்குத் தடயம் இருக்கும், வார்டில் எடுத்த பாடத்துக்கு எந்தத் தடயமும் இருக்காது. மருத்துவ ஆசிரியரின் கற்பித்தலில் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகே, ஓ.பி. அறையில், ஆபரேஷன் தியேட்டரில், இரவுப் பணியில் நடக்கிறது. அதற்கு அட்டவணையும் கிடையாது, ஸ்லைடும் கிடையாது. ஆகவே இன்றிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் கைபேசியில் மூன்று வரி: யாருக்கு, எதைக் கற்பித்தேன், என்ன கவனித்தேன். நோயாளியின் பெயரோ எண்ணோ எதுவும் வேண்டாம். நான்கு மாதத்தில் அது அறுபது எழுபது குறிப்புகள் ஆகிவிடும். அவற்றை ஒருசேரப் படிக்கும்போது உங்களுடைய முறை என்ன என்பது உங்களுக்கே முதல்முறையாகத் தெரியவரும். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. மாணவர் பதில் சொன்னதும் “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று கேட்பது என் வழக்கம் என்பதை நான் அறிந்தது என் குறிப்புகளிலிருந்துதான். அதே குறிப்புகளிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது: சரியாகச் சொன்ன மாணவரிடம், எது சரி என்று நான் சொல்லவே இல்லை.

அந்தக் குறையை ஒட்டித்தான் ‘ஒரு நிமிட ஆசான்’ என்ற முறையைத் தேடிப் படித்தேன். நெஹரும் சகாக்களும் 1992இல் வெளியிட்டது. மாணவரை ஒரு முடிவைச் சொல்ல வைப்பது, அதற்கான ஆதாரத்தைக் கேட்பது, ஒரு பொதுவிதியைக் கற்பிப்பது, சரியாகச் செய்ததை எடுத்துச் சொல்வது, தவறைத் திருத்துவது என ஐந்து படிகள். நான்காவது படியை நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு குறையைக் கண்டது, அதற்குப் படித்தது, மாற்றியது, மறுபடி கவனித்தது என்று இதை எழுதினால் வார்டு கற்பித்தலுக்கு அது ஒரு முழுமையான பதிவாகிவிடும்.

பதிவு என்று சொல்கிறேனே, அது எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு காட்டிவிடுகிறேன். கோப்பின் உயிரே இந்தப் பதிவுகள்தான்.

குழுவுக்கு வரும் கோப்புகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் வடிவம் இது: “இரத்த வாயு அறிக்கையைப் படிப்பது குறித்து மாணவர்களுக்கு ஊடாடும் முறையில் வகுப்புகள் எடுத்தேன். மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் கலந்துகொண்டு பயனடைந்தனர்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும், எந்தப் பாடத்துக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

அதே வகுப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

“இரத்த வாயு அறிக்கையை இரண்டு ஆண்டுகள் ஸ்லைடுகளை வைத்து விரிவுரையாக எடுத்தேன். எழுத்துத் தேர்வில் பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். ஆனால் வார்டில் ஓர் அறிக்கையைக் கொடுத்தபோது, பிஎச் 7.28, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 28, பைகார்பனேட் 13 என்றிருந்ததைப் பார்த்த மாணவர், ‘கார்பன் டை ஆக்சைடு குறைவு, ஆகவே ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ்’ (மூச்சு மிகுவதால் இரத்தம் காரப் பக்கம் சாய்வது) என்றார். பிஎச் குறைந்து இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அடுத்தடுத்து நால்வரிடம் கேட்டேன், மூவர் அதே பாதையில்தான் போனார்கள். விதிகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தெரியவில்லை. அடுத்த பிரிவுக்கு விரிவுரையை விட்டுவிட்டு, அடையாளம் நீக்கிய ஆறு அறிக்கைகளோடு சிறு குழு அமர்வாக மாற்றினேன். பிஎச், பிறகு அதற்குக் காரணமான மாற்றம், பிறகு உடல் செய்யும் ஈடு, கடைசியில் ஆனியன் கேப் (இரத்தத்தின் அயனி அளவுகளிலிருந்து கணக்கிடும் இடைவெளி) என்ற வரிசையில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அறிக்கையில் பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 27.5 வரும். ஆகவே 28 என்பது இரண்டாவது கோளாறு இல்லை, மெட்டபாலிக் அசிடோசிஸுக்கு (பைகார்பனேட் குறைந்து இரத்தம் அமிலப் பக்கம் சாய்வதற்கு) நுரையீரல் செய்யும் சரியான ஈடு என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்றே புதிய அறிக்கைகள் இரண்டு, ஆறு வாரம் கழித்து வார்டில் இன்னும் இரண்டு கொடுத்துச் சோதித்தேன். வரிசை மனத்தில் நின்றிருந்தது. ஆனியன் கேப் கணக்கிடுவதைப் பலர் மறந்திருந்தார்கள். அதனால் இப்போது ஆறாவது வாரத்தில் அரைமணி நேர நினைவூட்டல் அமர்வு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.”

இது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பின்னிணைப்பில் மூன்றே மூன்று தாள்கள் போதும்: அந்த ஆறு அறிக்கைகள், முன்னும் பின்னும் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற எளிய அட்டவணை, அமர்வைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவரின் குறிப்பு. கிளாசிக் சொன்ன ஆறும் இதற்குள் இருக்கின்றன. அவற்றைத் தலைப்பு போட்டுக் காட்டத் தேவையில்லை, படிக்கிறவர் தானே கண்டுகொள்வார். ஒரு மாணவர் சொன்ன தவறான பதில் அதே சொற்களில் இருக்கிறதே, அது இந்தப் பதிவுக்கு ரொம்ப முக்கியம். மாணவர் எங்கே சறுக்குகிறார் என்று காது கொடுத்துக் கேட்கும் ஆசிரியர் என்பதை எந்த அடைமொழியையும்விட அந்த ஒரு வரி அழுத்தமாகச் சொல்லிவிடும்.

இப்படி ஐந்து அல்லது ஆறு பதிவுகளை எழுதுங்கள். இரண்டாவது, மூன்றாவது மாதங்கள் அதற்கே போகட்டும்.

அடுத்து மாணவர் ஃபீட்பேக். உங்களிடம் தாள்கள் இருக்கின்றன என்றீர்கள், நல்லது. ஆனால் அவற்றின் எல்லை தெரிந்து பயன்படுத்துங்கள். அமெரிக்காவில் ஓர் இணையவழிப் படிப்பில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் பாடம் நடத்தினார். மாணவர்கள் ஆண் என்று நினைத்தவருக்கே கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று காட்டியது. ஆகவே “சராசரி 4.6” என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துவிட்டு ஓயாதீர்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் எழுதினார்கள், ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது, திரும்பத் திரும்ப வந்த கருத்து என்ன என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். புகழ்ச்சி வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்த பக்கத்தை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். “வேகமாகப் போகிறீர்கள், குறிப்பெடுக்க முடியவில்லை” என்ற குறையையும், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அங்கே நின்று படிப்பேன்.

ஃபீட்பேக்கைவிட எனக்கு நம்பிக்கை தருவது சக ஆசிரியர் வந்து உட்கார்ந்து பார்த்து எழுதும் குறிப்பு. இதற்கு உங்கள் துறையைத் தாண்டி ஒருவரைக் கேளுங்கள். பாடத்தின் உள்ளடக்கத்தில் அவர் கவனம் சிக்காமல் இருக்கும். வகுப்புக்கு முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். “எப்படி இருந்தது என்று பாருங்கள்” என்றால் “நன்றாக இருந்தது” என்றுதான் எழுதுவார். “கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்லுங்கள்” என்றால் எண் கிடைக்கும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று கண்டார். மூன்று நொடியாவது பொறுத்தால் மாணவர்களின் பதில் நீளமாகவும் காரணத்தோடும் வந்தது. உங்கள் எண் என்ன என்பதும், இரண்டு மாதம் கழித்து அதே ஆள் மறுபடி வந்து எண்ணியபோது என்ன என்பதும் அருமையான சான்று. நான்கு மாதத்துக்குள் இதைச் செய்து முடித்துவிடலாம். ஆனால் இந்த வாரமே அவரைக் கேட்டாக வேண்டும்.

மாணவர் உண்மையில் கற்றாரா என்பதை எவ்வளவு தூரம் காட்ட முடியும்? பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு நிலைகள் இதற்கு உதவும்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடைமுறையில் செய்கிறார்களா, அதனால் விளைவு மாறியதா. பெரும்பாலான கோப்புகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டாவதை எட்டுவது கடினமே இல்லை, மேலே சொன்ன முன்-பின் சோதனை போதும். ஒரு பதிவிலாவது மூன்றாவதைத் தொடப் பாருங்கள். கைகழுவும் முறையைக் கற்பித்த பிறகு வார்டில் அதைச் செய்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பது அப்படிப்பட்டது. நான்காவது, அதாவது நோயாளிக்கு ஏற்பட்ட நன்மையை ஒரு தனி ஆசிரியர் காட்டுவது மிகக் கடினம். இல்லாததை இருப்பதாகக் காட்டாதீர்கள். “நோயாளிகளின் பாதுகாப்பு மேம்பட்டது” என்று ஆதாரமின்றி எழுதிய ஒரு வரி, மற்ற பக்கங்களின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

பலர் கோப்பில் சேர்க்க மறக்கும் பொக்கிஷம் ஒன்று உண்டு, அது தேர்வுப் பணி. ஏழு ஆண்டில் எத்தனை கேள்விகள் எழுதியிருப்பீர்கள்! எந்தப் பாடப்பகுதிக்கு எத்தனை கேள்வி என்று திட்டமிட்டு வகுத்த புளூபிரிண்ட் ஒன்றை வைக்கலாம். அதைவிட, பல தெரிவு வினா ஒன்றை நீங்கள் திருத்திய கதையைச் சொல்லலாம். தேர்வுக்குப் பின் வினா வாரியாகப் பகுப்பாய்வு செய்தால், மொத்தத்தில் நன்றாகச் செய்த மாணவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாகக் குறித்த வினா ஒன்று சில சமயம் கண்ணில் படும். அதை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும், அல்லது இரண்டு விடைகள் பொருந்தும்படி வினா அமைந்திருக்கும். பழைய வினா, அதன் எண்கள், திருத்திய வினா, அடுத்த ஆண்டின் எண்கள் என்று அரைப் பக்கம் போதும். ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி முறையில் (மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று செய்முறைத் திறனைக் காட்டும் தேர்வு) நீங்கள் ஒரு நிலையத்தை வடிவமைத்திருந்தால், அதன் செக்லிஸ்டையும் தேர்வாளர்களுக்கு நீங்கள் கொடுத்த பயிற்சியையும் இதே போலக் காட்டலாம்.

வழிகாட்டுதலுக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டாம். எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், எதில் உதவினீர்கள், அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று சிறிய அட்டவணையும், ஒருவரிடமிருந்து வாங்கிய ஒரு கடிதமும் போதும். நிர்வாகப் பொறுப்புகளில் குழு உறுப்பினர் என்ற பதவியைச் சொல்லாமல், அந்தக் குழுவில் நீங்கள் இருந்ததால் எது மாறியது என்பதைச் சொல்லுங்கள். எதுவும் மாறவில்லையென்றால் சிவியிலேயே இருக்கட்டும்.

கல்விச் சமூகத்தோடு கொடுக்கல் வாங்கல் என்ற பகுதியைக் கண்டு பலர் மிரள்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை இருந்தால்தான் இதை நிரப்ப முடியும் என்று நினைப்பதால் வரும் அச்சம் அது. வாங்கியதும் கணக்கில் உண்டு. 1992இன் அந்த முறையைப் படித்து என் வார்டில் பயன்படுத்தினேன் என்பதே தொடக்கம். கொடுப்பதற்கு, கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் சொன்ன மூன்று நிபந்தனைகள் நல்ல வழிகாட்டி: பொதுவெளியில் இருக்க வேண்டும், பிறர் ஆராய்ந்து விமர்சிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பிறர் எடுத்து மேலே கட்டக் கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் ஆறு அறிக்கைகளின் தொகுப்பைத் துறைக்கு வெளியே ஓர் ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தினால் அதை எழுதுங்கள். அதைச் செம்மைப்படுத்தி, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் மெட்எட்போர்ட்டல் போன்ற, சக அறிஞர் மதிப்பாய்வுக்குப் பிறகு பாடப்பொருள்களை வெளியிடும் இதழுக்கு அனுப்பலாம். ஆனால் மாணவர்களின் மதிப்பெண்களை ஆய்வாக வெளியிட எண்ணமிருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். முடிந்த பிறகு வாங்க முடியாமல் நல்ல வேலை வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றிலும் நான் கண்டிப்பாக இருப்பேன். நோயாளியின் முகம், பெயர், பதிவு எண், எக்ஸ்ரேயின் மூலையில் அச்சான எழுத்து எதுவும் கோப்பில் வரக் கூடாது. வார்டில் பாடம் எடுக்கும் புகைப்படம் வைக்க ஆசையாக இருக்கும். பின்னால் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. அவர்கள் நன்றி சொல்லி வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதற்கு முன் கேளுங்கள். தவறாகப் பதில் சொன்ன மாணவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி எழுதுங்கள்.

கற்பித்தல் தத்துவம் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். எல்லோரும் அதை முதலில் எழுத உட்கார்ந்து, ஒரு வாரம் வெற்றுத்தாளைப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கேயோ படித்த வாக்கியங்களை எழுதுகிறார்கள். அதைக் கடைசியில் எழுதுங்கள். ஆறு பதிவுகளும் முடிந்த பிறகு அவற்றை ஒரே மூச்சில் படித்து, திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். “மாணவர் மையக் கற்றலில் நம்பிக்கை கொண்டவன்” என்பதற்குப் பதிலாக, “மாணவர் தவறாகச் சொல்லும்போது அவர் எந்த வழியாக அங்கே வந்தார் என்பதைக் கண்டுபிடித்த பிறகே நான் திருத்துகிறேன்” என்று எழுத முடிந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு பக்கமும் அதற்குச் சான்றாக நிற்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

சரியாக நடக்காத ஒன்றையும் சேருங்கள் என்று சொன்னால் பலர் தயங்குகிறார்கள். பதவி உயர்வுக் கோப்பில் தோல்வியா என்று. நான் ஒருமுறை நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரை வைத்து, துயரச் செய்தியைச் சொல்லும் முறையைக் கற்பித்தேன். நடித்தவர் உண்மையாகவே அழுதுவிட்டார். செய்தியைச் சொன்ன மாணவி அமர்வு முடிந்தும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகு பேசி ஆற்றிக்கொள்ள நான் நேரமே ஒதுக்கியிருக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து அமர்வின் மூன்றில் ஒரு பங்கை அதற்கென்றே வைத்தேன், தொடங்கும் முன் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று அறிவித்தேன். இதை என் கோப்பில் முழுதாக எழுதினேன். நேர்காணலில் குழுவினர் என்னிடம் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். எல்லாத் தோல்விகளும் வேண்டாம், ஒன்று போதும். ஆனால் என்ன மாற்றினீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

நீளத்தைப் பற்றி: உங்கள் கல்லூரி வரம்பு சொல்லாவிட்டால், பின்னிணைப்பு நீங்கலாகப் பத்துப் பக்கத்துக்குள் நிறுத்துங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பணியைப் பற்றி அரைப்பக்கச் சுருக்கமும், எந்தப் பக்கத்தில் எது என்ற குறிப்பும் இருக்கட்டும். பின்னிணைப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எழுதும் இடத்தில் அந்த எண்ணைச் சுட்டுங்கள். சுட்டப்படாத தாளை எடுத்துவிடுங்கள். அந்தச் சான்றிதழ் கட்டில் ஏதாவது ஒரு பதிவோடு தொடர்புள்ளவை இரண்டோ மூன்றோ இருக்கும். வினா எழுதும் பயிற்சிக்குப் போய்வந்து வினாக்களைத் திருத்தியிருந்தால் அந்தச் சான்றிதழ் அங்கே பொருந்தும். மற்றவை பெட்டியில் இருக்கட்டும்.

நான்காவது மாதத்தின் முதல் வாரத்தில் முழு வரைவையும் உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆசிரியரிடம் கொடுங்கள். உங்களைப் பற்றி அதிகம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. பதினைந்து நிமிடம் மட்டும் படிக்கச் சொல்லுங்கள், குழுவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு கோப்பை வாங்கி மூடி வைத்துவிட்டு, “நான் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல், விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்டது எதுவோ, அது எந்தப் பக்கத்தில் புதைந்து கிடக்கிறது என்று தேடி, அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.